தேக்காவில் நீங்கள் வராத காலை

என் அன்புக்குரிய சம்பந்தி,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் போகிறது. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் பழையபடிதான்.

அமெரிக்காவில், மில்பிடாஸில் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது ஜூன் மாதம், அதாவது உங்கள் மாதம். கோடையில் இங்கே மலையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும் என்று நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் கதை விடுகிறீர்கள் என்று நினைத்தேன். நான் வந்து இறங்கும்போது மலை காய்ந்து பழுப்பாக இருக்கும், அப்புறம் மழை பெய்து பச்சையாகிவிடும். மழைக்கு முன்னால் வந்து மழை முடிந்ததும் கிளம்புகிறவனுக்கு வேறென்ன தெரியும்? இப்போது சன்னலைத் திறந்தால் மஞ்சள்தான் தெரிகிறது, நீங்கள் சொன்னது வாஸ்தவம். சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில் அடிக்கிறது. மனுஷன் எத்தனை மணிக்குத்தான் சாப்பிட்டுப் படுப்பது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாளையங்கோட்டை, தபால் இலாகா. நான் ஈரோடு, மின்வாரியம். உங்கள் மகன் சங்கருக்கு என் மகள் நித்யாவைக் கொடுத்தேன். கல்யாணத்தின்போது நாம் இருவரும் பேசியதெல்லாம் சாப்பாட்டுச் சண்டைதான். மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாமல் முடியாது என்று நீங்கள் நின்றீர்கள். தேங்காய்ப்பாலில் செய்த குழம்பைச் சாப்பிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் தூங்கிவிழுவார்கள் என்று நான் சொன்னேன். கடைசியில் சொதி வந்தது, நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

பிறகு யாழினி பிறந்தாள். நித்யாவுக்கும் சங்கருக்கும் ஆபீஸ். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வர இரண்டு வீட்டிலும் பெண்கள் யாரும் மிச்சமில்லை. உங்கள் வீட்டம்மாவும் போய்விட்டார், என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். நாம்தான் மிச்சம். விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் இருக்க விடுவார்கள் என்பதால் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நான், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நீங்கள் என்று பிள்ளைகள் முறை போட்டார்கள். ஷிப்டு மாற்றுகிற அன்று மட்டும் இரண்டு நாள் ஒன்றாக இருப்போம். சோபாவில் யார் படுப்பது என்று அந்த இரண்டு நாளும் போட்டி நடக்கும். அப்புறம் ஒருவர் பிளேன் ஏறிவிடுவோம்.

ஒரே கட்டில், ஒரே செருப்பு, டிராயரில் ஒரே அமெரிக்க போன். நான் விட்டுவிட்டுப் போன ஊறுகாயை நீங்கள் முடிப்பீர்கள், நீங்கள் வாங்கி வைத்த தைலத்தை நான் தேய்த்துக்கொள்வேன். இவ்வளவு நெருக்கமாக நான் வாழ்ந்த மனிதர் வேறு யாருமில்லை. ஆனால் உங்களோடு உட்கார்ந்து பேசிய நாட்களைச் சேர்த்தால் ஒரு மாதம்கூட வராது.

அந்தக் குறைக்குத்தான் நீங்கள் வழி கண்டுபிடித்தீர்கள். உங்களுக்கும் சிங்கப்பூர் வழி, எனக்கும் சிங்கப்பூர் வழி. இங்கிருந்து நான் திரும்பும்போதும் அங்கிருந்து நீங்கள் புறப்படும்போதும் நடுவில் மூன்று நாள் அங்கே இறங்கினால் என்ன என்று போன வருஷம் கேட்டீர்கள். ஷிப்டை மில்பிடாஸில் மாற்றாமல் சிங்கப்பூரில் மாற்றிக்கொள்ளலாம் என்றீர்கள். காரணம் ஊர் பார்ப்பது இல்லை என்று எனக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்கச் சைவம் சாப்பிட்ட மனிதர், போனில் சிங்கப்பூர்த் தெருச்சாப்பாட்டு வீடியோ ஒன்று விடாமல் பார்த்து வைத்திருந்தீர்கள். நண்டைக்கூடக் கண்கொட்டாமல் பார்ப்பீர்கள் என்று நித்யா சொல்லிச் சிரிப்பாள்.

"ஒத்தையில போனா நாலு கடையோட வயிறு நெறஞ்சிரும் சம்பந்தி. ரெண்டு பேரு போயி, ஒரு பிளேட்ட வாங்கிப் பாதிப் பாதி தின்னா எட்டு கடை பாக்கலாம்லா," என்றீர்கள்.

டிக்கெட் போட்டோம். சிங்கப்பூர் விசாவும் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. யாழினியிடமும் சொல்லிவைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தாத்தாவும் சிங்கப்பூரில் சந்திப்போம், சேர்ந்து சாப்பிடுவோம், அப்புறம் ஈரோட்டுத் தாத்தா ஊருக்குப் போவார், நெல்லைத் தாத்தா உன்னிடம் வருவார் என்று. அவளுக்கு உலக உருண்டை பொம்மையில் சிங்கப்பூரைக் காட்டியது நீங்கள்தான், வீடியோ காலில், அங்கிருந்தபடியே இடது பக்கம் வலது பக்கம் என்று வழி சொல்லி.

பொங்கல் முடிந்த வாரம் போய்விட்டீர்கள். காலையில் காபி போட எழுந்தவர், அடுப்பைப் பற்றவைக்காமலே உட்கார்ந்துவிட்டீர்களாம். சங்கர் தனியாகப் பறந்து வந்தான். நான் வரவில்லை. என் ஷிப்டு அது. யாழினியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும். உங்களை எடுத்துச் சென்றதைப் போனில் பார்த்தேன், படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. மறுநாள் மத்தியானம் பள்ளி வாசலில் நின்றேன். வழக்கம்போல ஆப்பிளை வெட்டிக் கொடுத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டாம் என்றது சங்கர். திரும்பி வந்ததும், "நானே நேரம் பாத்து சொல்றேன் மாமா," என்றான். அந்த நேரம் வரவே இல்லை. பிப்ரவரி போயிற்று. ஆபீஸ் போனான், வந்தான், பாத்திரம் தேய்த்தான். அழுது நான் பார்க்கவில்லை. உங்கள் பெயர் வந்தாலே எழுந்து குப்பையைக் கொட்டப் போய்விடுவான். அவன் அப்பா, அவன் பிள்ளை. நடுவில் புகுந்து நான் எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் குழந்தை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை.

மார்ச் பிறந்ததும் யாழினி என்னைப் பிடித்துக்கொண்டாள். நீ எப்போது போகிறாய், நீ எப்போது போகிறாய் என்று தினமும் ஒரே கேள்வி. பெட்டி கட்டும்போது என் சட்டைகளைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்புகிற அன்று என் ஷூவை வாசலில் ஜோடியாக வைத்திருந்தாள். மற்ற வருஷமெல்லாம் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது, சம்பந்தி. ஐந்து வயதுக் குழந்தைக்கே நான் சலித்துவிட்டேனா என்று பிளேனில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் டிக்கெட்டை மாற்றிவிடலாம் என்று நித்யா சொன்னாள். ஒரே மூச்சாகப் பறந்தால் கால் வீங்கும், நடுவில் இறங்குவதுதான் நல்லது என்று சமாளித்தேன். நிஜக் காரணம் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் நாம் பிடித்துவைத்த அதே அறை. இரண்டு கட்டில். இந்தத் தடவை யார் எங்கே படுப்பது என்று சண்டை இல்லை. ரயிலில் நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் சொன்னபோது பக்கத்தில் திரும்பினேன், உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு. ஒரு சீனப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தெருவுக்குத் தெரு நான்கு மொழியில் பெயர்ப்பலகை. கோயில் மணி கேட்கிறது, இரண்டு தெரு தள்ளி பாங்கு கேட்கிறது, அதற்கும் பக்கத்தில் சீனர் கோயிலில் ஊதுபத்திப் புகை. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நின்றிருப்பீர்கள், நான் உங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இழுக்க ஆளில்லாமல் சீக்கிரம் சீக்கிரமாக நடந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் ஊரே முடிந்துபோன மாதிரி இருந்தது.

நீண்ட வரிசை நிற்கிற கடையில்தான் சாப்பிட வேண்டும் என்று வீடியோ பார்த்துப் பாடம் படித்து வைத்திருந்தீர்களே, அதை நம்பி ஒரு வரிசையில் போய் நின்றேன். நல்ல வெயில். சீனர், மலாய்க்காரர், நம் ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள். இத்தனை ஜனங்கள் நின்றால் பண்டம் அமிர்தமாக இருக்கும் என்று நானும் பொறுமையாக நகர்ந்தேன். கவுண்டருக்கு வந்தால் லாட்டரிக் கடை. இந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிச் சிரிக்க முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்காவுக்குப் போனேன். கீழே காய்கறிச் சந்தை, மீன் சந்தை; பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக. ஒரு பக்கம் பரோட்டாவை வீசுகிறார்கள், அதை அங்கே பிராட்டா என்கிறார்கள். ஒரு பக்கம் இடியாப்பத்துக்குத் தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துக் கொடுக்கிறார்கள். சீனர் கடையில் சைவ நூடுல்ஸ், மலாய்க் கடையில் வாழை இலையில் சுருட்டிய ஏதோ ஒன்று. உட்கார இடமில்லை. அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தனியாக வந்தவன் அந்த இடத்தில் சாப்பிட முடியாது. சாப்பாடு வாங்க எழுந்துபோனால் இடம் போய்விடும். இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் சாப்பாடு வராது. ஒருவர் உட்கார, ஒருவர் வாங்கி வர, இரண்டு பேர் வேண்டும்.

ஒரு மேசையில் யாரையும் காணோம். மேலே சின்னப் பொட்டலமாகக் கைதுடைக்கும் காகிதம் மட்டும் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம், என்று எடுத்துக்கொண்டு போய்ப் பிராட்டாக் கடையில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அங்கிள், அது சீட் பிடிச்சிருக்காங்க. எடுத்த எடத்துலயே வச்சிட்டு வாங்க," என்றாள். ஓடிப்போய் வைத்தேன். அதற்குள் அந்த மேசைக்காரர்கள் தட்டோடு வந்து என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நம் ஊரில் பஸ் சன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான், அங்கே காகிதம். அதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, தூணோரம் காலியான இரண்டு பேர் மேசையைக் காட்டி, கடையிலிருந்து ஒரு பொட்டலத்தையும் கொடுத்தாள்.

பொட்டலத்தை என் பக்கம் வைத்தேன். தோளில் கிடந்த துண்டை எதிர்ப் பக்கத்து இருக்கையில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை, சம்பந்தி. கை தானாகப் போட்டது. பிராட்டா வாங்கினேன், இடியாப்பம் வாங்கினேன், அங்கே கோப்பி என்கிற காபி இரண்டு வாங்கினேன். ஒவ்வொரு தட்டிலும் பாதி சாப்பிட்டுவிட்டுத் தள்ளி வைத்தேன். கூட்டம் நெருக்கியது. வயதான சீனர் ஒருவர் தட்டோடு வந்து, அங்கே ஆள் இருக்கிறதா என்று கண்ணால் கேட்டார். "கமிங்," என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கால் வீக்கம், நீண்ட பயணம் எல்லாம் சும்மா. சொன்னபடி நான் வந்துவிட்டால் சொன்னபடி நீங்களும் வந்துவிடுவீர்கள் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பித்தான் நான் அந்த ஊரில் இறங்கியிருக்கிறேன். இந்த வயதில், இந்த மண்டைக்கு, இப்படி ஒரு நம்பிக்கை.

அப்போதுதான் போன் அடித்தது. மில்பிடாஸில் சனிக்கிழமை சாயங்காலம். திரை முழுக்க யாழினி முகம். நெல்லைத் தாத்தாவைக் காட்டு என்றாள். போனைத் திருப்பு என்றாள். திருப்பினேன். கடவுளே, அதை நான் திருப்பியிருக்கக் கூடாது. துண்டு போட்ட இருக்கை, பாதித் தட்டுகள், ஆவி பறக்கும் கோப்பி.

சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாரா என்று கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், சாதாரணமாக. அப்புறம் என்னை அவசரப்படுத்தினாள்: நீ சீக்கிரம் ஊருக்குப் போ தாத்தா, நீ போனால்தானே அவர் வர முடியும்.

ஷூவை ஏன் எடுத்து வைத்தாள் என்று அந்த நிமிஷம் விளங்கியது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது அதுதான். ஒரு தாத்தா போனால் ஒரு தாத்தா வருவார். என்னைத் துரத்தவில்லை அந்தக் குழந்தை, உங்களை வரவழைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் சங்கர் குரல் கேட்டது, தாத்தா சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார், பை சொல்லு என்று. போன் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே தனியாகக் கூப்பிட்டான். காருக்குள் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, என்னால முடியல. அவகிட்ட சொன்னா அப்பா நெஜமாவே போயிருவார்."

"நான் சொல்றனுங்க மாப்பிள்ளை. வந்து, நேர்ல சொல்றேன்," என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் அழுதுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான், அத்தனை மொழிக்காரர்களுக்கு நடுவில், ஒரு மொழியிலும் ஒரு வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தேன். பிராட்டாக் கடைப் பெண் வந்து தட்டுகளைப் பார்த்தாள், எதிர் இருக்கையைப் பார்த்தாள். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துவிட்டுப் போனாள். உங்கள் பாதியையும் நானே சாப்பிட்டு முடித்தேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈரோட்டில் ஆறு மாதம் இருக்க வேண்டியவன் ஒரு மாதம் இருந்தேன். சித்திரை பிறந்ததும் கிளம்பிவிட்டேன். நடுவில் ஒரு நாள் பாளையங்கோட்டைக்குப் போய் உங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தேன், பூட்டிக் கிடந்தது. இவ்வளவு சீக்கிரம் ஏன் திரும்பி வருகிறாய் என்று சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அதிகாரி கேட்டார். பேத்தியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே மூன்று பேரும் நின்றார்கள். யாழினி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கோபத்தோடு.

"இட்ஸ் நாட் யுவர் டர்ன், தாத்தா."

காரில் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம் என்று யோசித்து வைத்ததெல்லாம் போயிற்று. முழங்கால் மடங்காது என்று உங்களுக்குத் தெரியுமே, பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமியிடம் போனார், நட்சத்திரம் ஆனார் என்றெல்லாம் சொல்ல எனக்கு வரவில்லை. "நெல்லைத் தாத்தா செத்துப்போயிட்டார் கண்ணு. இனிமே வரமாட்டார்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். நான் இப்போதே திரும்பிப் போய்விட்டால் வருவாரா என்று கேட்டாள். தன் பக்கத்திலிருந்து ஏதாவது விட்டுக்கொடுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நான் போனாலும் வரமாட்டார்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். சங்கரும் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டான். அப்பா அழுவதை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள் போலிருக்கிறது, தன் அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைத் துடைத்தாள். பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது உங்கள் மாதங்களில் இருக்கிறேன். பூங்காவில் உங்கள் நண்பர்கள்தான் வருகிறார்கள், குளிர்காலத்து ஆட்கள் யாரையும் காணோம். ராவ், அந்த ஆந்திராக்காரர், நம் போனுக்குக் கூப்பிட்டு, வந்துவிட்டீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை, நான் இன்னொருவர் என்றேன். அவர்கள் பேச்சில் எனக்குப் பாதி புரிவதில்லை, நீங்கள் சொன்ன வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். வெயில் இறங்குகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது ஷிப்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றும்போது, யாரிடம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. தனிமை என்றால் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை? நீங்களும் இதே பெஞ்சில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா?

கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணலாமா என்று நித்யா கேட்டாள். பண்ணு என்றுவிட்டேன்.

நேற்று யாழினி என் மடியில் ஏறி உட்கார்ந்து, ஒரு கணக்குப் போட்டாள். குளிர்காலம் என் முறை, சரி. வெயில் காலம் உங்கள் முறை. அதில் நான் இருக்கலாமாம், ஆனால் உங்களைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டுமாம். சரி என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன். செப்டம்பர் வரை உங்கள் கதைதான் இந்த வீட்டில். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், சம்பந்தி. தீர்ந்துபோனால் சங்கரிடம் கேட்டாவது, ராவிடம் கேட்டாவது, ஒரு நாள்கூட விடாமல் சொல்லுவேன்.

உங்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கும்,
உங்கள் சம்பந்தி,
யாழினியின் ஈரோட்டுத் தாத்தா